ஒண்ணுமில்ல என்கிறவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே நூறு கேள்வி கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவசரப் பிரிவில் மறுபடி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை, சத்தியமாக.

வருகிறவர்களில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை. இன்று காலை, விரலில் வெட்டுப்பட்ட ஒருவர் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு கத்த மூச்சு இருக்கிறதே, காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மூலையில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் போனேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அவர மொதல்ல பாருங்க" என்றார். அவருக்கு மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அடுத்தவருக்குச் சீட்டு எழுதும்போது ஒரே பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டேன். தலைமை நர்ஸ் பார்த்துவிட்டு, "என்னடி ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல சிஸ்டர், படபடன்னு வருது. கொஞ்ச நேரம் உக்காரணும்" என்றேன்.

"போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் அக்கா! இதைச் சொல்ல வாய் வராமலா போன வருஷம் உன் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தேன், நீயும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நகராமல் இருந்தாய்?

அக்கடா என்று டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. நேற்று போனில், உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணுமில்லடி" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எதுவும் சமைத்து வைக்காதே. இந்த முறை நாற்காலி எனக்கு.

உன் தங்கை