புட்டியில் இருப்பது சீரகம் அல்ல

ஓய்தினின் அப்பாவுக்கு,

பலாவ் சோறு சட்டியில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள். பிரிட்ஜில் உள்ள புட்டியில் இருப்பது சீரகம் அல்ல. போன வருடம் போலச் சோற்றில் தூவிவிடாதீர்கள். அவை காய்ப்புழுவின் முட்டையை அழிக்கும் குளவிகள், இன்னும் முட்டைக்குள் பொரிக்கும் பருவத்தில் இருக்கின்றன. நாளை வெயில் ஏறுமுன் பருத்தியில் பத்தடிக்கு ஒரு சிட்டிகை தூவுங்கள்.

“தம்மாத்துண்டு குளவி என்னத்தடி கிழிக்கும்?” என்று நேற்று கத்தினீர்களே! மே மாதம் அசுவினிப் பூச்சிக்கு மருந்தடித்து, அதைத் தின்னும் பொறிவண்டைக் கொன்றவர் யார்? இப்போது காய் போனால், இலையுதிர்காலத்தில் ஓய்தினின் கல்யாணமும் போகும்.

நானும் ஓய்தினும் நமங்கானில் அம்மா வீட்டில் இருப்போம்.

ஹோசியத்

பி.கு.: மருந்து தெளிப்பானின் மூக்கைத் தேட வேண்டாம். அது என் பையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீங்களே அழைக்க வந்தால், நான், ஓய்தின், மூக்கு மூவரும் திரும்புவோம்.