மட்டம் பார்த்த வாறுகால்

கீழத்தெரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கணவர், உதவிப் பொறியாளர் திரு. சுருளிராஜன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ஜோதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் ஓவியாவும் நலம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் குவாட்டர்ஸ் நல்ல மேட்டில் இருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். கூப்பிட்டால் சைட்டில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் கேட்டதற்கு அடையாளம் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் ஆபீஸ் முகவரிக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் உங்கள் துறைக்கு ஒரு விஷயம் வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

முதலில் வீட்டுச் செய்தி. முதல் போக நெல்லை அறுத்தாயிற்று. வயல் ஈரத்தில் மிஷின் இறங்க மாட்டேன் என்று வரப்போரமாகவே நின்றது, அப்புறம் ஒருவழியாக முடிந்தது. ஓவியா காலாண்டுத் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே முதல். அப்பாவிடம் நான்தான் சொல்லுவேன் என்று வைத்திருந்தாள். நீங்கள் பேசுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் நான் எழுதிவிட்டேன். கம்பத்திலிருந்து உங்கள் அக்கா ஒரு பெட்டி திராட்சை கொடுத்துவிட்டார்கள். பாதியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாண்டீஸ்வரி அக்கா கதவைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் இந்தத் தெருவுக்கு வாழ வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

நம் தெருவுக்குச் சிமெண்ட் வாறுகால் கட்டியது உங்களுக்குத் தெரியும். போட்டோ அனுப்பியபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். பழைய வாறுகாலில் கல் பெயர்ந்திருக்கும், சாக்கடை நாற்றம் அடிக்கும். ஆனால் தண்ணீர் ஓடிப்போய் வாய்க்காலில் விழுந்துவிடும். புதியது பார்க்க லட்சணமாக இருக்கிறது, தண்ணீர்தான் ஓடவில்லை. வாய்க்காலில் போய்ச் சேரும் முனையை மேடாகவும், நம் வீடும் பாண்டீஸ்வரி அக்கா வீடும் இருக்கிற நடுப்பகுதியைப் பள்ளமாகவும் கட்டிவைத்திருக்கிறார்கள். தெருவில் யார் குளித்தாலும் யார் பாத்திரம் கழுவினாலும் அந்தத் தண்ணீர் நம் இரண்டு வாசலில் வந்து நிற்கிறது. மழை பெய்தால் உள்ளேயே வந்துவிடுகிறது. தீபாவளிக்கு முந்திய மழையில் அக்கா வீட்டு அடுப்படிக்குள் வந்துவிட்டது. அங்கே அக்கா மகள் கயல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஆண் குழந்தை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அக்காவும் நானும் மார்க்கையன்கோட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி ஓவர்சியர் ஆபீஸுக்குப் போனோம். ஓவர்சியர் பெயர் மதன்குமார். அக்காதான் பேசினார்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "மனு குடுத்துட்டுப் போங்க" என்றார். ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம் என்று அக்கா சொன்னதற்கு, "அப்ப இன்னொண்ணு குடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க வீட்லயும் ஒரு இஞ்சினியர் இருக்காக, அவுக வந்தவகள இப்படி நிக்க வச்சுப் பேச மாட்டாக" என்று சொல்லிவிட்டேன். பேர் என்ன, எந்த ஊரில் வேலை என்று கேட்டார். சொன்னேன். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "சுருளி அண்ணன் வீட்டம்மாவா? மொதல்லயே சொல்லக் கூடாதா மதினி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நீங்களும் அவரும் ஒன்றாகப் பயிற்சிக்குப் போனீர்களாமே. டீ வந்தது. எனக்கு மட்டும். அதை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தேன், அவர்கள் தொடவில்லை. கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

மறுநாளே ஆட்கள் வந்துவிட்டார்கள். தெருவுக்கே விடிவு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அக்கா அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் நம் வாசலை மட்டும் உயர்த்திக் கான்கிரீட் போட்டு, நமக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு திட்டு கட்டிவிட்டுச் சாமான்களை ஏற்றினார்கள். மீதித் தெரு எப்போது என்று கேட்டதற்கு, "எங்களுக்கு இம்புட்டுத்தான் சொன்னாக" என்று கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த மழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. நம் வாசலில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. நமக்கு வர வேண்டியதும் சேர்ந்து அக்கா வீட்டுக்குள் போனது. முழங்கால் அளவு, சாக்கடையோடு. கயல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றாள். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், சின்னமனூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடவுள் புண்ணியத்தில் இறங்கிவிட்டது. ஆனால் அந்த ஈரத்துக்குள் பிள்ளையைப் போடவே கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

திரும்பவும் மதன்குமாரிடம் போனேன், இந்தத் தடவை தனியாக. அவர் நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. நான் ஏன் கத்துகிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. "என்ன மதினி, அண்ணன் சொன்னபடிதான செஞ்சேன்" என்றார். நாங்கள் வந்து போன அன்றே உங்களுக்குப் போன் போட்டாராம். நீங்கள் சொன்னீர்களாம், நம்ம வாசலை மட்டும் முடிச்சுக் குடு மதன், தெருவ முழுசா எடுத்தா மட்டம் தப்புன்னு எழுதணும், மேல இருந்து கேள்வி வரும், ஒனக்குத்தான் சிக்கல் என்று. நீங்கள் பேசியதை அப்படியே உங்கள் குரலில் பேசிக் காட்டினார். அண்ணன் நம்மளக் காட்டிக்குடுக்காத மனுசன் என்று பாராட்டு வேறு. போகும்போது எனக்கு ஆறுதலும் சொன்னார். "அண்ணன் ஏரியாவுலயும் இந்த மாதிரி ரெண்டு தெரு இருக்கத்தான் செய்யும் மதினி. நம்ம வேலை அப்படி."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள். நம் வீடு கட்டும்போது ட்யூப்பில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்க்காமல் ஒரு கல் வைக்க விட்டீர்களா? உங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கொத்தனார் ட்யூப்பைக் கையில் எடுத்துவிடுவார். உங்கள் தொழிலில் மட்டம் என்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். ஊரில் ஒரு ஆளை மட்டம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் எழுத வேண்டியதில்லை. அன்றைக்குப் போனில் நீங்கள் பார்த்தது எந்த மட்டம்?

உங்கள் ஏரியாவில் அந்த இரண்டு தெரு எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கே யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் நிற்கிறாள்? உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் அவளுக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்? கவர்மெண்ட் இஞ்சினியர் சம்சாரம் என்று கல்யாண வீட்டில் என்னை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். எனக்கும் அது பிடிக்கத்தான் செய்தது. இனிமேல் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?

பாண்டீஸ்வரி அக்கா என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "நீ என்னத்தா செய்வ. ஒங்களுக்கு ஆளு இருக்கு, செஞ்சு குடுத்தாக. எங்களுக்கு ஆரு இருக்கா" என்றார்கள். கோபமே இல்லாமல் சொன்னார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று ஆண்டிபட்டியிலிருந்து கயலின் மாமியார் வந்துவிட்டார்கள். வாசலில் சேலையைத் தூக்கிப் பிடித்து நின்றபடியே, "சாக்கடைக்குள்ளயா எம் பேரன வளக்குறீக? கெளம்புத்தா கயலு" என்றார்கள். கயலுக்கு ஆபரேஷன் தையல் இன்னும் வலிக்கிறது. அங்கே போனால் மறுநாளே அடுப்பில் நிற்க வேண்டும், அது தெருவுக்கே தெரியும். பாண்டீஸ்வரி அக்கா பிள்ளைத் துணிகளை மடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து அந்தத் திட்டையும் நம் வாசலில் உயர்த்திப் போட்டதையும் உடைத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. துறை போட்ட கலவையாயிற்றே, என் பலத்துக்கே உடைந்தது. இன்று காலையிலும் மழை. தண்ணீர் பிரிந்து நம் வீட்டுக்குள்ளும் வந்தது. அங்கே முழங்கால் அளவு நின்றது இப்போது இரண்டு வீட்டிலும் கணுக்கால் அளவு நிற்கிறது. உங்கள் பீரோவின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது, அதிலிருந்த பட்டு வேட்டியும் சேர்த்து. மாடியில் உங்கள் அறையைக் கயலுக்குக் கொடுத்துவிட்டேன். ஃபேனைக் கழற்றி அந்தக் கொக்கியில் தொட்டில் கட்டியிருக்கிறோம். பிள்ளை நன்றாகத் தூங்குகிறான்.

ஒரே போனில் நம் வாசலை உயர்த்தினீர்கள் இல்லையா, அதே போனை எடுத்து மதன்குமாரிடம் சொல்லுங்கள், மட்டம் தப்பு, தெரு முழுவதும் உடைத்துக் கட்டு என்று. பேச்சோடு விடாமல் எழுதியும் கொடுங்கள். மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்டால் கேட்கட்டும். உங்களையும் அவரையும் எங்காவது தூக்கியடித்தால் அடிக்கட்டும். சாப்பாட்டுக்கு வயல் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மழையில் நனைந்து சைட்டில் நிற்காதீர்கள், உங்களுக்கு உடனே நெஞ்சில் சளி கட்டும். இவ்வளவு கோபத்திலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. கயலின் மாமியாரை நிறுத்திவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. "எங்க வீட்டுக்காரக வர்ற சனிக்கெழம வருவாக. கூட நின்னு தெருவ சரிபண்ண ஆரம்பிச்சுக் குடுப்பாக. அதுவரைக்கும் பிள்ள எங்க மாடியில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வருவாகளா?" என்று கேட்டார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி அக்காவும் அப்போதுதான் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்கள். வருவாக என்றேன்.

என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஜோதிலட்சுமி