இஞ்சினுக்கு அந்தப் பக்கம் நீ

இன்றைக்கு ஒரு டீசல் வேனின் டேங்குக்குள் புது பம்ப் மாட்டினேன். பின் சீட்டைத் தூக்கி, மூடியைச் சுற்றியிருந்த தூசியைத் துடைத்து, வளையத்தைக் கழற்றிப் பழைய பம்பை வெளியே எடுத்ததும் டீசல் நெடி குப்பென்று அடித்தது. உடனே உன் ஞாபகம். வேறென்ன வரும் எனக்கு? புதுசை இறக்கி, ரப்பரை மாற்றிப் பூட்டி, சாவியைத் திருப்பினேன். உள்ளே ம்ம் என்று ஒரு சத்தம். டீசல் தானாக ஏறிக் காற்றை வெளியே தள்ளிவிட்டது. இப்போது இந்த வேலைக்கு ஒரு ஆள் போதுமடா. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

நம் காலத்தில் அப்படியா? நீ ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லொறி டிரைவர். நான் பதுளை டவுனில் கராஜ் வைத்திருந்தவன்; எங்கள் முஸ்லிம் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நீயும் என்னை 'நானா' என்பாய். அந்த லொறியில் பம்ப் இஞ்சினுக்கு ஒரு பக்கம், பில்டர் மறுபக்கம். டேங்க் காய்ந்தால் குழாயில் காற்றுப் புகுந்துவிடும்; அதை வெளியேற்றினால்தான் இஞ்சின் ஓடும். நீ அந்தப் பக்கம் நின்று பம்பின் கைப்பிடியை அடிப்பாய். நான் இந்தப் பக்கம் பில்டரின் திருகாணியைத் தளர்த்திப் பிடிப்பேன். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். முகம் தெரியாது, வாய் மட்டும் ஓயாது. "நானா, தூங்கிட்டீங்களா?" என்று கத்துவாய். "வாயால அடிக்காத, கையால அடி" என்பேன். கைத்தோல் உரிந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து வரும் உன் சிரிப்பு எனக்குக் காணும், வேறு கூலி வேண்டாம்.

பிறகு இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களான உங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது; இந்த நாட்டைவிட்டுப் போயாக வேண்டும். போகிற அன்று நீ டிரைவர் இல்லை. பெட்டி படுக்கை, அம்மா, தங்கச்சியோடு லொறியின் பின்தட்டில் இருந்தாய். புது டிரைவர் டேங்கைப் பார்க்காமலே கிளம்பியிருக்கிறான். இறக்கத்து வளைவில் கொஞ்சநஞ்ச டீசலும் ஒரு பக்கம் சாய, குழாய் காற்றை இழுத்து லொறி நின்றுவிட்டது. உங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் தலைமன்னார் கோச்சி ஸ்டேஷனை விட்டுப் புறப்பட நேரம் நெருங்குகிறது. எனக்கு ஆள் அனுப்பினாய். டீசல் கேனோடு ஓடி வந்தேன்.

வழக்கம்போல நீ அந்தப் பக்கம். கைப்பிடியை அடித்தாய், நான் திருகாணியைப் பிடித்தேன். நுரை குறைந்து வரும் நேரத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டாய்.

"ஏன்டா?"

"நானா, இது ஓடாட்டி நல்லா இருக்கும்ல?"

மேலே உன் அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யா அல்லாஹ்! தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து உங்கள் பேரை வெட்டியாயிற்று. நீங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது. திரும்பிப் போனால் எங்கே படுப்பீர்கள்?

"பைத்தியக்காரத்தனமா பேசாத. அம்மாவப் பாரு. அடிடா!"

அடித்தாய். இறுக்கினேன். லொறி ஸ்டார்ட் ஆனது, கோச்சியும் கிடைத்தது.

போன மாதம் உன் தங்கச்சி கோத்தகிரியிலிருந்து போன் பண்ணி, நீ கண்ணை மூடிவிட்டாய் என்றாள். அங்கே கடைசி வரை நீ ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையாம். போனை வைத்துவிட்டு கராஜுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பற்றிச் சொல்லி அழ இந்த ஊரில் எனக்கு ஒருத்தரும் இல்லை.

நான் செய்தது சரிதான். லொறி ஓடாவிட்டாலும் மறுநாள் கோச்சியில் போயிருப்பாய், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஒரு ராத்திரி நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் தங்கியிருப்பீர்கள். உனக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பியிருப்பேன். அது மட்டும் எனக்கு ஆறவே இல்லையடா.