பாவம் பார்த்தது

மார்ச் 11

நாளை சென்னைப் பயணம். புரோட்டான் கருவி அங்கே இருக்கிறது, எலிகள் இங்கே புதுச்சேரியில் இருக்கின்றன. புற்றுக்கட்டியைப் புரோட்டான் கதிரால் சுடும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல குடலுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் ஆய்வு. எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் கன்னியப்பன், கூண்டுகளைத் தயார் செய்துவிட்டார். கதிர் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருக்கும் கன்ட்ரோல் எலிகளைக் காட்டி, “இதுங்களும் வருதா மேடம்?” என்றார்.

“வேணாம். பாவம், இதுங்க எதுக்கு வெயில்ல வீணா அலையணும்?”

மார்ச் 12

போய் வந்தாயிற்று. ஏ.சி. போட்டும் வழி முழுக்க எலிகள் மூலையில் ஒடுங்கியே கிடந்தன. எழிலரசனுக்கு ஒரே சிரிப்பு. “எலிய எல்லாம் ஈசிஆர்ல கூட்டிட்டுப் போற. கட்டுன புருஷன ஒரு தடவ மகாபலிபுரம் கூட்டிட்டுப் போயிருக்கியா?”

மார்ச் 17

எடை குறைகிறது! கொடுத்த கதிர் கொஞ்சம்தான், அதற்கே இப்படி. கன்ட்ரோல் எலிகள் கொழுகொழுவென்று திரிகின்றன. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதை எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது.

மார்ச் 24

எல்லாவற்றையும் முடித்தோம், கன்ட்ரோலையும் சேர்த்து. ‘சாக்ரிஃபைஸ்’ என்றுதான் எங்கள் தாள்களில் எழுதுவோம். கொன்றோம் என்று யாரும் எழுதுவதில்லை. கன்னியப்பன் வழக்கம்போல வெளியே போய் நின்றுகொண்டார்.

ஏப்ரல் 8

வழிகாட்டி ராஜாங்கம் சாரோடு உட்கார்ந்து குடல் சீவல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குடல் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் இளைத்தன?

“மேனகா, கன்ட்ரோல சென்னைல எங்க வெச்சிருந்த?”

“கூட்டிட்டுப் போகல சார். இங்கதான் இருந்துச்சு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப எடை கொறஞ்சது புரோட்டானாலயா, வண்டியாலயான்னு எப்படிம்மா சொல்லுவ?”

திட்டியிருந்தால் தேவலை.

அதே வண்டி, அதே மயக்க மருந்து, அதே மேஜை — கதிர் மட்டும் கிடையாது. அதுதானே கன்ட்ரோல்? முதல் வருஷப் பாடம். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் செஞ்சேன். பாவம் பாத்து பாவத்தக் கட்டிக்கிட்டேன். அத்தனை எலியும் வீணாப் போச்சே.

ஏப்ரல் 9

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 20

விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் கமிட்டி சம்மதித்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து, புது எலிகளோடு. மூலக்குளத்தில் வீடு வரும்வரை ஸ்கூட்டரில் அழுதுகொண்டே வந்தேன். நல்லவேளை, ஹெல்மெட் இருந்தது.

ஜூன் 3

இந்த முறை எல்லாக் கூண்டும் வண்டியில். கன்னியப்பன் தயங்கினார். கதிர் கொடுப்பதைக் கரண்டு வைப்பது என்றுதான் அவர் சொல்வார். “கரண்டு வைக்கப் போறது இல்லன்னா, இதுங்க எதுக்கு மேடம்? பாவம்.”

“பாவம் பாக்காதீங்க. ஏத்துங்க.”

அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கூண்டுகளை ஏற்றினார்.

ஜூன் 9

கதிர் படாத எலிகளும் இளைத்துவிட்டன. அதே அளவுக்கு.

அப்படியென்றால் மார்ச்சில் இளைக்க வைத்தது புரோட்டான் இல்லை, பயணம். “நல்ல செய்திதானம்மா” என்றார் சார். நல்ல செய்திதான். அன்றைக்கே கன்ட்ரோலையும் ஏற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஜூன் 16

இன்று முடித்தோம். கன்னியப்பன் வெளியே போனார். நான் தாளை எடுத்து ‘சாக்ரிஃபைஸ்’ என்று எழுதினேன். இவை எதற்காகச் செத்தன என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும்.

மார்ச் எலிகளை நான் கொன்றேன்.