அத்தையின் முதுகும் ஒரகடத்து வீடும்

4 நவ., செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. கூலிக்குக் குஞ்சம் கட்ட வேண்டிய புடவைகள் மூன்று பாக்கி: மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அப்புறம் கல்யாணப் பெண்ணுடைய அரக்கு. அரக்கு வெள்ளிக்குள் வேண்டுமாம்.

காபி போடும் நேரத்தில் தெருக்குழாயடியில் சத்தம். அத்தை குடத்தைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. பக்கத்து வீட்டு கோமதி அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிவந்து படுக்கவைத்தோம். என் கை பட்டதும் உடம்பை இறுக்கிக்கொண்டார். வலியினால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னது: தசைப்பிடிப்பு, எலும்பில் ஒன்றுமில்லை. மாத்திரை. வெந்நீர் ஒத்தடம். அத்தை சமைக்கிற சத்துணவுக்கூடத்து அண்டாவை ஒரு வாரம் தொடக் கூடாது. பிடிப்பு தளர்ந்ததும் எண்ணெய் தடவி இதமாகப் பிடித்துவிடலாம். முதுகெலும்பின் மேல் மட்டும் அழுத்தக் கூடாது.

யார் பிடித்துவிடுவது? நாத்தனார் மல்லிகா தென்னேரியிலிருந்து வர முடியாதாம், குழந்தைக்குக் காய்ச்சல். என் கணவன் செல்வம் இருட்டோடு ஃபாக்டரி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருகிறான். மிச்சம் நான்.

கல்யாணமாகி எட்டு மாதம். இதுவரை அத்தை என்னிடம் நேராகப் பேசியது ரொம்பக் குறைவு. எதிரே நிற்பேன், "சோறு வெந்துச்சான்னு கேளுடா" என்று மகனிடம் சொல்வார். தன் அண்ணன் மகளை மருமகளாக எடுப்பதாக இருந்தவர். நடுவில் நான். காதல், அதுவும் சர்ச்சுக்குப் போகிற பெண்.

இன்னொன்று. ஒரகடத்தில், ஃபாக்டரிக்குப் பக்கத்தில், வீடு பார்த்து அட்வான்சும் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசியில் போகிறோம். அத்தைக்குத் தெரியாது. செ. போனில்: "நீ கூடவே இருக்கியே, பேச்சுவாக்குல சொல்லிடேன்."

எந்தப் பேச்சுவாக்கில்?

6 நவ., வியாழன்

மழை விட்டது. எண்ணெய் தேய்ப்பது இன்றுதான் முதல் தடவை.

நல்லெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினேன். பாய்மேல் பழைய புடவை. கதவுக்குத் தாழ்ப்பாள். ரவிக்கைக் கொக்கியைக் கழற்ற அவர் கை வளையவில்லை. நான் கை நீட்டினேன். "வேணா" என்றார். கொஞ்ச நேரம் போராடிவிட்டுத் தானாகவே கையைக் கீழே போட்டுவிட்டார்.

குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை. முதலில் என் உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பார்த்தேன். தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும், இடுப்பிலிருந்து தோள் வரை, உள்ளங்கை முழுக்கப் பதிய, நிதானமாக. மேலே போகும்போது அழுத்தம். இறங்கும்போது வெறும் தடவல். எல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். பெற்ற அம்மாவுக்குக்கூடச் செய்ததில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். நானும்தான் அடக்கிக்கொண்டிருந்தேன் போல. குஞ்சம் முடிந்து முடிந்து என் விரல் நுனியெல்லாம் சொரசொரப்பு, குத்தியிருக்கும். வீட்டு விஷயத்தை இன்றும் சொல்லவில்லை.

7 நவ., வெள்ளி

வெயில். அரக்குப் புடவை போயாயிற்று. ஊக்கு, புளி, விளக்குத்திரி வாங்க வேண்டும்.

குப்புறப் படுத்தால் முகம் பார்க்க வேண்டாமே, அதனாலோ என்னவோ இன்று பேசினார். தலையணைக்குள்ளே பேசினார்.

"எங்க அண்ணன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எனக்கு டைபாய்டு வந்தப்ப ஆஸ்பத்திரியிலயே உக்காந்துக்கினு இருந்த மனுசன். இப்ப பஸ் ஸ்டாண்டுல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது. யாரால?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானா அவரை வராதே என்றேன்? வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு, கல் மாதிரி. அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். இதமாக இல்லை. வேண்டுமென்றுதான்.

"ஆ" என்றார். பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன்.

"எடுக்காத. அங்கதான். அப்பிடியே புடி."

பிடித்தேன். ரொம்ப நேரம் கழித்து அந்த முடிச்சு விரலுக்கடியில் மெல்ல இளகியது. அவர் முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரா தூங்குகிறாரா, தெரியவில்லை.

8 நவ., சனி

ஒரகடத்து வீட்டு ஓனர் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்கிறாராம். செ. போன் செய்தான்.

"இன்னிக்கி சொல்லிடு ஸ்டெல்லா, ப்ளீஸ்."

"உங்க அம்மாதான? நீ சொல்லு."

"நான் சொன்னா அழுவாங்கப்பா."

"நான் சொன்னா?"

லைன் கட். வேலை நேரமாம்.

மதியம் எண்ணெய். இடுப்பைப் பிடித்து முடித்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானம். இடுப்பு முடிந்தது. தோளில் சொல்லலாம். தோளும் முடிந்தது. கழுத்துக்கு வந்தபோது இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டேன்.

"தண்ணி நல்லா வருதாமா?" என்றார் திடீரென்று.

"எங்க அத்தை?"

"ஒரகடத்துல. நீங்க பாத்த வீட்ல."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"மொட்ட மாடில நின்னுக்கினு போன்ல கத்தறான், எனக்கு என்னா காது கேக்காதா? கைய எடுக்காத. எண்ணெ ஆறிடும்."

"அவருக்கு வேலைக்கு தூரமா இருக்குதுன்னு..."

"தூரம்தான். நானும் அதான் சொல்லப் போறேன்."

புரியவில்லை எனக்கு. அவரே சொன்னார். தலை நிமிரவில்லை, குரலில் கோபமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போங்க. நான் புடிச்சி வெக்கல. ஆனா நான் சொல்லித்தான் போறீங்கன்னு இருக்கணும். மருமவ புள்ளைய இஸ்துக்கினு பூட்டான்னு குழாயடில ஒருத்தி வாய்லயும் வரக் கூடாது. எங்க அண்ணன் காதுக்கும் போவக் கூடாது. நாளைக்கி நானே சொல்றேன். நீ பக்கத்துல வந்து நில்லு."

"சரி அத்தை."

முதுகைத் துடைத்து ரவிக்கையைப் போட்டுவிட்டேன். இன்று "வேணா" சொல்லவில்லை.

செ. வந்ததும் விவரம் சொன்னேன். "அப்பாடா" என்றான். எனக்கு அந்த அப்பாடா பிடிக்கவில்லை. சாப்பிடும்போது அவனோடு பேசவில்லை.

9 நவ., ஞாயிறு

மூட்டம். சர்ச்சுக்குப் போகவில்லை. அத்தை சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து குழாயடிக்கு. பின்னால் நான், குடத்தோடு.

கோமதி அக்கா: "இன்னாமா, எழுந்து நடக்கிற!"

"மருமவ புடிச்சிவுட்டா. கெட்டியான கை." தெருவுக்கே கேட்கிற குரலில், "புள்ளையயும் இவளயும் ஒரகடம் அனுப்பறேன். தெனம் அவ்ளோ தூரம் போயி வந்து ஒடம்பு துரும்பாயிடிச்சி அவனுக்கு. நான்தான் போங்கடான்னேன்."

குழாயடியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

கோமதி அக்கா: "நீ ஒண்டியா இருந்துடுவியா?"

"ஏன், எனக்கு வேல இல்லியா? ஒரு பள்ளிக்கூடத்துக்கே ஆக்கிப் போடறவ நான்."

குரல் பிசகவே இல்லை. முந்தானையை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார், நகம் வெளுக்கிற அளவுக்கு.

வீட்டுக்கு வந்ததும் படுக்கவில்லை. பரணிலிருந்து பாத்திரங்களை என்னை இறக்கச் சொன்னார். "பெரிய குக்கர நீ எடுத்துக்கினு போ. எனக்கு ஒருத்திக்கி எதுக்கு?" இட்லிப் பானை, இரண்டு தூக்கு, ஒரு அரிவாள்மனை. வேண்டாமென்றாலும் விடவில்லை. செ. எல்லாவற்றையும் சாக்கில் கட்டினான். கண் சிவந்திருந்தது அவனுக்கு. வலிக்கட்டும் என்றிருந்தது, பாவமாகவும் இருந்தது.

எண்ணெய் சுட வைக்கச் சொல்லவில்லை இன்று. நானாகத்தான் கேட்டேன்.

"வலி இருந்தா ஞாயித்துக்கெழமல வந்து புடிச்சி வுடட்டா அத்தை?"

குக்கர் மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்த்து:

"ஏன், வலி இருந்தாதான் வருவியா?"