மன்னிக்காத சலவைக்காரி

அம்மா,

என் நாவலை அச்சிட நியூயார்க் பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். ஆனால், திருட்டுப் பழி சுமத்திய வெள்ளைக்கார எஜமானியைச் சலவைக்காரி கடைசியில் அழுது மன்னிக்க வேண்டுமாம்.

"அப்பத்தான் ஜனங்க வாங்குவாங்க," என்றார்.

"எங்கம்மா அழலை சார். வெளுத்த துணியை அந்தம்மா வாசல்லயே கொட்டிட்டு வந்தாங்க."

"இது வெறும் கதைதானே?"

"இல்ல, எங்கம்மா," என்றேன். கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த எஜமானியின் குடும்பம் இன்னும் ஜார்ஜியாவில் நம் ஊரில்தான் இருக்கிறது, பழசைக் கிளறாதே என்று உனக்காகக் கடிதம் எழுதும் ஒடெல்லா அக்காவை விட்டு எழுதியிருந்தாய். கிளறத்தான் போகிறேன். கடைசி அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் தேவாலயத்தில் எல்லோரும் இருக்கும்போது அக்காவை வாசிக்கச் சொல். உரக்க வாசிக்கச் சொல்.

உன் மகள்