பாய் கேட்ட ஐப்பசி

பாய்,

இன்று காலை நம்ம மணல்மேட்டில் மரநாய் பேண்டு வைத்திருந்தது. கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பது என்று நீ சிரிப்பாய். சிரி. நானே அதைப் பார்த்துவிட்டு வரப்பில் தனியாக நின்று சிரித்தேன். குச்சியால் கிளறினால் உள்ளே நாலைந்து கொட்டைகள், பளபளவென்று. என்ன பழத்துடையது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் ஒரே பார்வையில் பெயர் சொல்லியிருப்பாய். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கூனிமேட்டிலிருந்து துபாய் போனவர்கள் எல்லோரும் டிவியும் செண்ட்டும் கொண்டுவந்தார்கள். நீ அங்கே பூங்காக்களில் செடிக்குத் தண்ணீர் விட்டு வயசைத் தொலைத்துவிட்டு, 2004இல் ஒரு கிழிந்த உலக மேப்போடு வந்து இறங்கினாய். "அங்க நட்ட மரத்துக்கெல்லாம் ராப்பகலா குழாய்ல தண்ணி போவும்ப்பா. குழாயை மூடினா கதை முடிஞ்சுது. அது காடு இல்ல, ஆஸ்பத்திரி" என்றாய். கூடப் படித்தவனுக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டால் அந்த மேப்பைத்தான் நீட்டினாய். கடுப்பாக இருந்தது.

என் உப்பளத்துக் கொட்டகையில் அதை விரித்து, நாலு மூலைக்கும் உப்புக்கட்டி வைத்துக்கொண்டு நீ பேசியதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தினமும் மழை, அதனால் வருஷம் முழுக்கப் பழம், அதனால் அங்கே குரங்கும் பெரிய அலகுப் பறவையும் மரத்தைவிட்டு இறங்காமலே காலம் தள்ளும் என்பாய். வடக்கே மேலே போகப் போகக் குளிர், இலை ஊசியாகிவிடும், பனி அதில் தங்காமல் வழுக்கிவிடும், கரடி தூங்கிவிடும், அணில் கொட்டையைப் பதுக்கும். "தூங்கவும் தெரியாம பதுக்கவும் தெரியாம இருக்குது பாரு, அது என்னா பண்ணும்? கெளம்பிடும். அதோ உன் பாத்தியில மேயுதே உள்ளான், அது அந்த ஊசியிலைக் காட்டுல முட்டை வுட்டுட்டு வந்துதுதான்." நான் அந்தக் குருவியை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். அது வெளியூர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைப் பிளந்துவிட்டேன், ஆனால் உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"நம்ம காடு?" என்று கேட்டேன். "மூணு மாசம் மழை, ஒம்பது மாசம் தாகம். அதான் நம்ம மரம் குள்ளமா, தோல் மாதிரி இலையோட நிக்குது. பச்சையும் வுடாது, பெருமையும் அடிச்சிக்காது" என்றாய்.

அந்த வருஷக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் மேட்டில் மரம் வைக்க வேண்டும் என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. நான் கமிட்டியில் ஒருத்தன். யோசனை சொல்ல உன்னைக் கூப்பிட்டதும் நான்தான். அடுத்த வருஷம் ஜூன் மாசம் கன்றுகள் லாரியில் வந்து இறங்கின. நீ தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய்: "இப்ப வாணாம்ப்பா. இந்த ஜூன் மழை மேற்கு மலைக்கு அந்தாண்டயே கொட்டித் தீந்துடும். நமக்கு வர்றது வெறுங்காத்து. ஐப்பசி வரைக்கும் நெழல்ல வச்சிப் பாத்துக்கலாம்."

நான் கேட்கவில்லை. உப்புக்காரனுக்கு மழை என்றால் வேலை நிற்கும், வீட்டில் குந்த வேண்டும், வானத்தைத் திட்ட வேண்டும். ஐப்பசியில் எவனாவது ஒரு காரியத்தை ஆரம்பிப்பானா? ஜூனில் ஆளும் கையில் இருந்தது. ஊரெல்லாம் ஜூனில் நடும்போது நமக்கு மட்டும் என்ன தனி வானமா என்று உன்னையே மடக்கினேன். நட்டோம். பாதிக் கன்று கூட ஆடி தாண்டவில்லை.

டீக்கடையில் கமிட்டிக்காரர் ஒருத்தர் எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்து, "இன்னா பாய், துபாய்ல மரம் வளத்தேன்னு சொன்னியே, எல்லாம் சுள்ளியா நிக்குது?" என்றார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நம்ம கைதான் சரியில்லபோல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாய். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன் பாய்.

வெளியே வந்ததும் திட்டுவாய் என்று காத்திருந்தேன். "மிச்சக் கன்னைக் கொட்டகைக்குக் கொண்டா" என்றாய், அவ்வளவுதான். அப்புறம் இடையஞ்சாவடிப் பக்கத்துப் புதர்க்காடுகளில் அலைந்து, மரநாய் பேண்டதைப் பொறுக்கி வந்து கழுவிக் கழுவி விதை எடுத்தாய். "அது வயித்துல போய் வந்த விதை நல்லா மொளைக்கும். நம்ம காட்டுக்கு அதுதான் நாத்துக்காரன்." மூக்கைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கிண்டல் செய்த அத்தனை பேரும் ஐப்பசியில் விதையும் மிச்சக் கன்றும் நட உன்னோடு மேட்டில் நின்றார்கள். பாத்தியெல்லாம் மூழ்கி, வேலை இல்லாமல் கிடந்த உப்பள ஆட்கள்தான். அந்த வருஷம் மழை வெளுத்துக்கட்டியது. நீ முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு, "உன் லீவு நாள்தாம்ப்பா மரத்துக்கு வேலை நாள்" என்று கத்தினாய். அந்த ஆனந்தத்தை அதற்கு முன் ஒரு மனுஷன் முகத்தில் நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் பங்குனி வெயிலில் நீ மவுத்தாகிவிட்டாய். கூனிமேட்டில் உனக்கு மூணு பிடி மண் போட்டேன். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை.

இன்று விதையைப் பையில் வைத்துக்கொண்டு நேரே அதே டீக்கடைக்குப் போனேன். அதே கமிட்டிக்காரர், "மேட்டுல கன்னெல்லாம் இடுப்பளவு வந்துடுச்சே, உன் கைராசிப்பா" என்றார். டீ கிளாசைக் கீழே வைத்தேன். "என் கை இல்லிங்க. ஜூன்ல வாணாம்னு பாய் சொன்னாரு. கேக்காம நட்டுச் சாகடிச்சது நான். நீங்க அவரைக் கேட்டப்ப வாயை மூடிக்கினு இருந்ததும் நான்தான். இது பாய் வச்ச காடு" என்றேன். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். கமிட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருஷம் தாமதம் பாய். நீ கேட்க வேண்டிய சொல்லை நீ இல்லாத இடத்தில் சொன்னேன்.

விதை கொட்டகையில் ஈரச்சாக்கில் இருக்கிறது. இதை எழுதும்போதே மழை பிடித்துக்கொண்டது. பாத்தியில் கடைசி உப்பு இன்னும் வாரவில்லை, கரைந்துகொண்டிருக்கிறது. உப்புக்காரன் வாயால் சொல்கிறேன் பாய், பெய்யட்டும்.